பெயர் சொல்லிக் கூப்பிடும் நேரம்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை, பாட்டு முடிந்துவிடுமே என்பதுதான் பயம். சென்னியப்பன் ஒவ்வொரு வரியின் கடைசியையும் இழுத்து இழுத்துப் பாடினான். குடியிருப்போர் சங்கத்து மாடி அறையில் ஜமக்காளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதைப் பக்தி என்று நினைத்திருக்கலாம், இல்லையென்றால் மாமாவுக்கு ராகத்தில் அவ்வளவு ஆசை என்று நினைத்திருக்கலாம். இரண்டும் இல்லை. பாடினால் அவனுக்கு வாய் திக்காது, பேசினால் திக்கும், விஷயம் அவ்வளவுதான். அறைக்கு அடியில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு ஜமக்காளத்தைத் தாண்டி இடுப்பெலும்பு வரை வந்தது, அந்த உம்மென்ற சத்தத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு அவன் பாடினான். வாயில் ஏழும் கடந்த தூதுவன், வாய்திறந் திலனே மன்னவன் முன்னே. எந்தக் காலத்திலோ எவரோ எழுதிய காவியம், அதில் ஒரு தூதன், அவன் எதிரி அரசனின் சபைக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறான். பேச்சில் அவனை மறிக்கிற ப-வும் ம-வும் பாட்டில் வந்தன, எல்லாம் வெண்ணெயில் கத்தி போவது போலப் போயின. இவ்வளவு ஒழுங்காக வருகிற இந்த வாய் இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ன கூத்து அடிக்கப்போகிறது என்று இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. முன்வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் மகளுக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அவள் பிறந்த நாளிலிருந்து அவன் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கிறான்.

நவமணியம்மா இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பழைய இலக்கியம் வாசித்துக் காட்டுவார். முதலில் பாட்டு, பிறகு அதன் கதை, அதற்குப் பிறகு பேச்சு. பேச்சென்றால் பிள்ளைகள் பேசுவது. ஆரம்பத்தில் வாயாடிப் பிள்ளைகளே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட, மற்றவர்கள் ஜமக்காளத்து நூலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அதனால் பிள்ளைகளே கூடி ஒரு சட்டம் போட்டார்கள். வாசிக்கிறவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பேச வேண்டும், ஒருவர் விடாமல் எல்லோரையும் கூப்பிட வேண்டும், தம்பி, பாப்பா, கண்ணு என்றெல்லாம் கூப்பிட்டால் செல்லாது, முழுப்பெயர் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான், சென்னியப்பன் தலையில் கல்லைப் போடவென்றே போட்டது போல இருந்தாலும். நவமணியம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி மாடிப்படி ஏற முடியாமல் போனது. இனி யார் வாசிப்பது என்று கீழே வாசலில் பேச்சு வந்தபோது, "எங்கப்பா நல்லாப் பாடுவாருங்க பெரீம்மா" என்று சொன்னது அடுத்த வீட்டுக்காரர் யாருமல்ல, அவன் பெற்ற மகள். குளியலறைக்குள் அவன் பாடுவதைக் கேட்டிருக்கிறாள். முடியாதுங்க என்று சொல்ல அவன் வாயெடுத்தான். மு வரவில்லை. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட நவமணியம்மா சந்தோஷமாகப் புத்தகத்தை அவன் கையில் வைத்துவிட்டார். முடியாது என்று சொல்ல முடியாததால் மாட்டிக்கொண்டவன் இந்தத் திருப்பூரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இரண்டு பக்கம் இருந்தது இன்னும். கண் பாட்டில் இருந்தது, மனசு பெயர்களைச் சலித்துக்கொண்டிருந்தது. ஆதிரை, இளவேனில், இவர்கள் தங்கமான பிள்ளைகள், உயிரெழுத்தில் ஆரம்பிக்கிறவர்கள், வாயைத் திறந்தால் போதும், பெயர் தானாக வந்துவிடும். ஜோயல், ரஃபீக், சஹானா பரவாயில்லை. கவின் கொஞ்சம் முறைப்பான், மூச்சை விட்டுக்கொண்டே சொன்னால் வந்துவிடுவான். ம-வில் நல்லவேளையாக யாரும் இல்லை. ப-வில் இரண்டு பேர். ஒருவன் பரிதி, எல்லோரிலும் சின்னவன், ஒன்றாம் வகுப்பு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கதை கேட்பான். இன்னொன்று பிறைமதி. தன் மகள் பெயரை நினைத்தபோதே பாட்டில் ஒரு சொல்லைத் தவறவிட்டு, அவசரமாக அடுத்த வரியைப் பிடித்தான். ப என்பது மற்ற எழுத்துகளைப் போல இல்லை. உதட்டை மூடினால்தான் அது பிறக்கும், அவன் மூடினால் திறக்காது. மூச்சு உள்ளிருந்து வந்து முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், இடது கண் தானாகச் சிமிட்டும், தாடை ஒரு பக்கமாக இழுக்கும். ஒருமுறை முகம் சவரம் செய்யும்போது வேண்டுமென்றே கண்ணாடி முன் முயன்று பார்த்து, அந்த முகத்தைக் கண்டு பயந்து விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தவன் அவன். அந்த முகத்தைத்தான் இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து அவள் பார்க்கப்போகிறாள்.

தப்பிப்பதற்கு அவனுக்கு வழி தெரியாமல் இல்லை, வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வேலையைத்தானே செய்திருக்கிறான். காலேஜ் காலத்தில் பல்லடத்துக்குப் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் பல்லடம் என்று சொல்ல வராது. அருள்புரம் என்று சொல்லி டிக்கெட் வாங்கி, அங்கேயே இறங்கி, மிச்ச தூரம் வெயிலில் நடந்தே போவான். உடம்புக்கு நல்லதென்று நடக்கிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிவைத்திருந்தான், நம்பினார்கள். ஓட்டலுக்குப் போனால் இட்லிதான். பொங்கல் மேல் உயிராக இருந்தாலும் பொங்கல் ப-வில் ஆரம்பிக்கிறதே, அதனால் இட்லி. மகளையும் மனைவி வளர்மதியையும் கூட்டிக்கொண்டு போனாலும் அவனுக்கு இட்லிதான். பிள்ளை மட்டும் ஒவ்வொரு தடவையும் பொங்கல் கேட்பாள், பாதி தின்றுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை அவன் பக்கம் தள்ளிவிடுவாள், அன்றைக்கு அவன் நாக்குக்கு யோகம். வேலையும் அப்படிப் பார்த்துத் தேடிக்கொண்டதுதான். சாயப்பட்டறை லேபில் விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துணித்துண்டை அருகருகே வைத்து, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய நிறமும் நாம் போட்ட நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆமாம் அல்லது இல்லை, இரண்டும் சுலபமான வார்த்தை. சில நேரம் கிட்டத்தட்ட அதே நிறம் வந்திருக்கும், சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அவன் கண்ணுக்குத் தெரியும். அவன் பேச்சும் அப்படித்தான். பசிக்கிறது என்று சொல்லாமல் சாப்பிடலாமா என்பான், பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாமல் ஒருமாதிரியாக இருக்கிறது என்பான். சொல்ல வந்ததற்குக் கிட்டத்தட்ட அருகில் ஒரு வார்த்தை. யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் பெயருக்கு மாற்று வார்த்தை ஏது?

அந்தப் பெயரை வைத்தது வளர்மதியின் அப்பா. தாய் வளர்மதி, மகள் பிறைமதி, எவ்வளவு பொருத்தம் பாருங்கள் என்று மாமனார் சபை நடுவே சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள், சென்னியப்பனும் ஆட்டினான். வேறு பெயர் வைக்கலாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் கண்டுபிடித்திருக்கலாம், உண்மையான காரணத்தை மட்டும் சொல்லியிருக்க முடியாது. குழந்தையின் காதில் தகப்பன்தான் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும் என்றார்கள். அவனுக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. வெற்றிலையால் மறைத்துக்கொண்டு அந்தச் சின்னக் காதருகே குனிந்து, உதட்டை மூடி, மூச்சைப் பிடித்து, வராது என்று நிச்சயமாக நினைத்துக்கொண்டு சொன்னான். வந்துவிட்டது. பிறைமதி, பிறைமதி, பிறைமதி. ரகசியம் பேசுகிற குரலில் திக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குழந்தை காது கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டது, சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தகப்பன் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தரம்கூட அந்தப் பெயர் அவன் வாயில் வந்ததில்லை. அம்மிணி என்றே கூப்பிட்டான். அம்மிணி வா, அம்மிணி தூங்கு, அம்மிணி எங்கே. இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பெண்பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போதுகூடக் கேட்டுக்கு வெளியே நின்று கையைத்தான் தூக்குவான், மற்ற தகப்பன்மார் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். பிள்ளை கூட்டத்தில் அவன் கையைத் தேடிக் கண்டுபிடித்து ஓடி வரும்.

இன்னும் ஒரு பக்கம். தூதன் நிற்கிறான், சபை பார்க்கிறது, அரசன் பார்க்கிறான், விளக்குகள் எரிகின்றன, அவன் பேசவில்லை. எழுதியவன் லேசுப்பட்டவன் இல்லை, பேசாமல் நிற்கிற ஒருவனை வைத்து நான்கு பாட்டுப் பாடியிருக்கிறான். சென்னியப்பனுக்கு அந்தச் சபையைத் தெரியும். அது அவன் சின்ன வயதில் இருந்த வீட்டின், சிவப்புச் சிமெண்டுத் தரை போட்ட முன்னறைதான். விருந்தாளி வந்திருப்பார்கள், பையன் என்ன படிக்கிறான் என்று கேட்பார்கள், அவன் சொல்லத் தொடங்குவான், ப, ப, அம்மா உடனே தலையைக் குனிந்துகொள்வாள். திட்ட மாட்டாள், அழ மாட்டாள், தரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அவன் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தரையில் என்னதான் தெரிந்ததோ அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் சிரித்தவர்களை எல்லாம் அவன் மறந்துவிட்டான், முகம்கூட ஞாபகமில்லை. குனிந்த அந்தத் தலையின் வகிடு மட்டும் மறக்கவில்லை. வளர்மதி குனிய மாட்டாள், அவள் வேறு ரகம், வார்த்தை அவன் உதட்டில் முட்டும்போதே அதைப் பிடுங்கித் தானே சொல்லி முடித்துவிடுவாள். பா என்பதற்குள் பால்காரர், பே என்பதற்குள் பேங்க். பாசத்தில்தான் செய்கிறாள், அதற்காக அவளைக் கோபிக்கவா முடியும்? ஆனாலும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் முழுசாகச் சொல்லி முடித்த வார்த்தைகள் எத்தனை என்று அவனுக்கே தெரியாது. இப்போது அம்மிணி. அவள் சிரித்தால் தாங்கிக்கொள்ளலாம். அவள் குனிந்துகொண்டால்? மற்ற பிள்ளைகள் முன்னால் அந்தச் சின்னத் தலை குனிந்து, வகிடு தெரிந்துவிட்டால்? பிறகு ஜென்மத்துக்கும் அவளிடம் எப்படிப் பேசுவது? புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஈரமாகி அட்டையில் வழுக்கின. எழுந்து போய்விடலாம், மயக்கம் என்று சொல்ல வராது, உதடு ஒட்டாத தலைவலி என்று சொல்லிவிடலாம். தலைவலிக்கும் ஒரு நல்ல குணம் இருக்கிறது.

கடைசிப் பாட்டை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தான். "மாமா, அத முன்னமே பாடிட்டீங்க" என்றான் ஜோயல். வேறு வழியில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினான். அதற்கு ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தான், குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் ஒத்திகை பார்த்து, ப-வையும் ம-வையும் ஒவ்வொன்றாகக் களைந்து வைத்திருந்தான். போர் இல்லை, சண்டை. படை இல்லை, சேனை. மன்னன் இல்லை, அரசன். சண்டை வேண்டாம், சமாதானமாகிவிடலாம் என்று சொல்லத்தான் தூதன் வந்தான். ஏழு வாயிலிலும் காவல், ஏழிலும் விசாரணை, எல்லாவற்றுக்கும் வாய் ஓயாமல் விடை சொல்லிக்கொண்டே வந்தவன் அரசன் எதிரில் வந்ததும் ஊமையாகிவிட்டான். அரசன் கொஞ்சம் காத்திருந்தான், அடுத்து எரிச்சல் வந்தது, இவன் என்னை அவமதிக்கிறான் என்று நினைத்துக் கழுத்தில் கை வைத்து வெளியே தள்ளச் சொன்னான். விடிந்ததும் சண்டை, ஊர் எரிந்தது. தூதன் ஏன் வாய் திறக்கவில்லை என்று காவியத்தில் எங்குமே சொல்லவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் சொல்லிவிட்டான், ஒரு இடத்திலும் மாட்டவில்லை, அவனுக்கே ஆச்சரியம். அச்சமாக இருந்திருக்குமோ, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று முடித்தான். அங்கேதான் வந்தது வினை. பரிதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான், அர்த்தம் கேட்க மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லையாம்.

"அச்சம்னா என்னங்க மாமா?"

அச்சம் என்றால் பயம். உலகத்தில் இருக்கிற எல்லா வார்த்தையும் இருக்க, அதற்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இந்த ஒரு வார்த்தைதான் இருக்கிறது. பயத்தைச் சொல்ல அவனுக்குப் பயமாக இருந்தது. உதடு ஒட்டியது. ஒரு விநாடி, இரண்டு விநாடி, தாடை மெல்ல இடப்பக்கம் நகரத் தொடங்குவது அவனுக்கே தெரிந்தது, "பயம்டா" என்று கவின் பின்னாலிருந்து சொன்னான். பரிதி ஓ என்று தலையாட்டினான். தப்பித்தாயிற்று. முதுகில் வேர்வை இறங்கி இடுப்பில் வந்து நின்றது. மகளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, பார்க்கவில்லை. கவனித்திருப்பாளோ? அவ்வளவு நேரம் ஒன்றும் ஆகவில்லை, யோசிக்கிறார் என்று நினைத்திருப்பாள். பெரியவர்கள் யோசிப்பதுண்டு.

ஆதிரையைக் கூப்பிட்டான். அவ்வளவு பெரிய அரண்மனையைப் பார்த்து அசந்துபோயிருப்பான் என்றது அந்தப் பிள்ளை. இளவேனில், வாய்மொழித் தேர்வில் தனக்கு எல்லாம் மறந்துபோவதுபோல அவனுக்கும் மறந்திருக்கும் என்றாள். தூதன் இல்லை, வேவு பார்க்க வந்தவன், பேசினால் மாட்டிக்கொள்வான் என்று ஜோயல் சத்தியமே செய்தான். ரஃபீக் சொன்னதுதான் எல்லோருக்கும் பிடித்தது. ஏழு கேட்டிலும் கேள்வி கேட்டார்களே தவிர ஒருவராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்களா, நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் என்றான். சஹானா அதெல்லாம் இல்லை, பயம்தான் என்றாள், கவின் அவன் வீரன், வீரனுக்குப் பயம் வராது என்று சண்டைக்குப் போனான். நடுவில் பரிதி ஏழாவது கேட்டில் நாய் இருந்திருக்கும் என்று சொல்ல, உன்னை இன்னும் கூப்பிடவில்லை என்று நாலு பேர் அவனை அடக்கினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அனுப்ப அனுப்ப, கழுத்துவரை தண்ணீருக்குள் நடந்து போகிறவன் போல அவனுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. கூப்பிடாதவர்கள் இருவர் மட்டும்தான் மிச்சம். மகள் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட கேட்டில் அவன் தூக்குகிற மாதிரியே, விரல் ஐந்தையும் விரித்து, உயரமாக. நேரமாகிவிட்டது, மிச்சத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாமா? தூக்கிய அந்தக் கையைக் கீழே இறக்கச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"அம்மிணி, நீ சொல்லு" என்றான் சிரித்துக்கொண்டே.

"செல்லாதுங்க மாமா, முழுப்பேருங்க" என்றான் ஜோயல். உங்கள் மகள் என்பதால் விட முடியாது என்று கவினும் சேர்ந்துகொண்டான். நியாயம்தானே, சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்தான்.

சென்னியப்பன் உதட்டை மூடினான். மூடியது திறக்கவில்லை. அப்போது பார்த்துத் தொட்டி நிரம்பி மோட்டார் நின்றது, அறை முழுக்கத் துடைத்துவிட்டது போல அமைதியாகிவிட்டது. ப் என்று ஒரு சத்தம் வந்தது, பி வந்தது, பி, பி, பிறகு அதுவும் நின்றது. இடது கண் சிமிட்டியது, தாடை இழுத்தது, கண்ணாடியில் பார்த்த அந்த முகம் அவன் முகத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ களுக்கென்றார்கள், உடனே அடங்கினார்கள், அது இன்னும் மோசம். ராகமாகப் பாடிவிட்டால் என்ன? காதில் போய்ச் சொல்லிவிட்டால் என்ன? அவன் எழுந்திருக்கப் பார்த்தான், கால் மரத்துப் போயிருந்தது. ஏழு வாயிலும் தாண்டி வந்தாயிற்று, இனித் திரும்பிப்போகவும் வழியில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், சிமெண்டு இல்லை, ஜமக்காளம், நீலக்கோடு, சிவப்புக்கோடு, மறுபடி நீலக்கோடு. அவள் தலை குனிந்திருக்குமா? பார்க்க முடியவில்லை. பி. வாசலில் நிழலாடியது. பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்த போசியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்த வளர்மதி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, பதறிப்போய் அந்தப் பெயரைத் தானே சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தது அவனுக்குக் கேட்டது, மூச்சை இழுக்கிற சத்தம். அவனுக்கு ஆறுதலாகவும் இருந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது.

"அம்மா, நீங்க சொல்லாதீங்க. அப்பா சொல்லுவாரு."

நிமிர்ந்து பார்த்தான். தலை குனியவில்லை. தூக்கிய கையை இறக்காமல், மற்றக் கையால் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டு, அவன் முகத்தையே, கோணிக்கொண்டிருந்த அந்த முகத்தையே, பஸ் வருமென்று தெரிந்தவர்கள் சாலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கலவரம் இல்லை, பரிதாபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. அவளுக்கு இது புதிதில்லை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. எப்போதிலிருந்து? பாதி தின்று தள்ளிவிடுகிற பொங்கல் தட்டு ஞாபகம் வந்தது. ஒரு நாளாவது அவள் வயிறு நிறைந்து தள்ளியிருப்பாளா? கூட்டத்தில் அவன் கையைத் தேடி ஓடி வருகிறவள், மற்றவர்களின் அப்பாக்கள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டேதானே ஓடி வந்திருப்பாள்? அவளிடமிருந்து மறைத்துவைத்ததாக அவன் நினைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அவள் அவனுக்காக மறைத்துவைத்திருந்தாள். அவனுக்கு நெஞ்சு வலித்தது, பயத்தினால் இல்லை, ஆனால் பயமும் போய்விடவில்லை. மூச்சை முட்டவிடாமல் கொஞ்சம் வெளியே விட்டான். பி. விட்டான். பி, பிறை. இன்னும் இருந்தது. ஒருவரும் அதை எடுத்துக்கொடுக்கவில்லை.

"பிறைமதி."

சத்தமாகவே வந்தது. அவள் கையை இறக்கினாள், வலித்திருக்க வேண்டும், தோளைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு சட்டப்படி எழுந்து நின்று, மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தத் தூதன் ஒண்ணும் மறக்கல. சொல்ல வந்தது அவனுக்கு நல்லாத் தெரியும். வாய்க்கிட்ட வந்து நின்னுக்கிச்சு, அவ்வளவுதான். ராஜா இன்னுங் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தா சொல்லியிருப்பான். ராஜாவுக்குத்தான் அவசரம்."

அது சரிதான் என்றான் ஜோயல், தன் வேவுக் கதையை விட்டுக்கொடுத்து. ரஃபீக் தண்ணீரும் கொடுத்திருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டான். வளர்மதி போசியை நிலைப்படி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். சென்னியப்பன் புத்தகத்தை மூடப்போனான். அப்போது முன்வரிசையிலிருந்து இன்னொரு கை தூக்கிக்கொண்டு நின்றது, குட்டையான கை, சட்டைக்கை விளிம்பில் மூக்கைத் துடைத்த ஈரம். அவனையும் விடாமல் கூப்பிட வேண்டும், சட்டம். நாயைப் பற்றிச் சொல்வதற்கு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது அந்தப் பிள்ளை. இந்தத் தடவை யாரும் களுக்கென்று சிரிக்கவில்லை. கவின் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான், ஆதிரை முகவாய்க்குக் கை கொடுத்தாள், எல்லோரும் நேரம் இருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது அவனுக்கு, உள்ளங்கை ஈரம் இன்னும் காயவில்லை. பரிதியின் கையைப் பார்த்தபடி உதடு இரண்டையும் மூடினான், ப-வை அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.